ஜப்பானின் ஒப்பந்தத் திருத்த முயற்சி (1871–1911)

மேலை நாடுகளுடன் செய்துகொண்ட சமமற்ற ஒப்பந்தங்களிலிருந்து விடுபட நடந்த நாற்பதாண்டு முயற்சியில்தான் நவீன ஜப்பானிய வெளியுறவுக் கொள்கை உருப்பெற்றது.

1853இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி மேத்யூ பெரி நாட்டைத் திறந்துவிடக் கோரி நான்கு போர்க்கப்பல்களுடன் ஜப்பானின் உராகாவில் வந்து நின்றார். 1858இல் அமெரிக்கா, நெதர்லாந்து, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்து நாடுகளுடனும் அப்போது ஜப்பானை ஆண்ட தொக்குகவா அரசு வணிக ஒப்பந்தம் செய்தது. அவற்றின்படி, ஜப்பானிய மண்ணில் குற்றம் புரிந்த வெளிநாட்டவரை அவரவர் நாட்டுத் தூதரகமே விசாரிக்கும். சுங்கவரியை ஜப்பான் தானாக உயர்த்த முடியாது. 1866இல் இறக்குமதி வரி பெரும்பாலும் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

தொக்குகவா ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு 1871இல் இவாகுரா தொமோமி தலைமையில் மேலை நாடுகளுக்குத் தூதுக்குழுவை அனுப்பியது. வாஷிங்டனில் ஒப்பந்தத் திருத்தப் பேச்சு தொடங்கிய பிறகே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம் தங்களிடம் இல்லை என்பது குழுவினருக்கு உறைத்தது. அதை வாங்கிவர ஒக்குபோ தொஷிமிச்சியும் இத்தோ ஹிரோபூமியும் பசிபிக்கைக் கடந்து ஊர் திரும்பினர். பேச்சு கைகூடவில்லை.

வெளியுறவு அமைச்சர் இனோவே கவோரு வேறு வழி பார்த்தார். 1883இல் டோக்கியோவில் ரொக்குமேய்கான் மாளிகையைத் திறந்து, ஜப்பான் மேலை நாடுகளுக்கு நிகரானது எனக் காட்ட வெளிநாட்டுத் தூதர்களுக்கு மேல்நாட்டு நடனமும் விருந்தும் அளித்தார். 1886இல் நார்மன்டன் என்ற பிரிட்டிஷ் கப்பல் மூழ்கியது. கேப்டனும் ஐரோப்பிய மாலுமிகளும் படகேறித் தப்பினர்; 25 ஜப்பானியப் பயணிகளில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கோபேயின் பிரிட்டிஷ் தூதரக விசாரணை கேப்டன்மேல் குற்றமில்லை என்றது. மக்கள் கொதித்தபின் நடந்த வழக்கில் அவருக்குக் கிடைத்தது மூன்று மாதச் சிறை. அதுவரை சட்ட நுணுக்கமாக இருந்த தூதரக விசாரணை விஷயம் தெருவுக்கு வந்தது. தூதரக விசாரணைக்கு மாற்றாக ஜப்பானிய நீதிமன்றங்களில் வெளிநாட்டு நீதிபதிகளை அமர்த்தும் இனோவேயின் திட்டம் எதிர்ப்பில் நொறுங்க, 1887இல் அவர் பதவி விலகினார். அடுத்து அமைச்சராக வந்த ஒக்குமா ஷிகெனொபு 1889இல், அவரது திருத்த முயற்சியை எதிர்த்தவரின் வெடிகுண்டுத் தாக்குதலில் ஒரு காலை இழந்தார்.

வெற்றி வெளியுறவு அமைச்சர் முத்சு முனெமிட்சு காலத்தில் வந்தது. 1894 ஜூலை 16 அன்று லண்டனில் பிரிட்டனுடன் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது.  அதன்படி தூதரக விசாரணை முறை 1899இல் ஒழிந்தது.

இதற்கிடையே, தான் பட்டதையே ஜப்பான் அண்டை நாட்டின்மேல் சுமத்தியதும் இவ்வரலாற்றில் சேரும். 1876இல் கொரியாவை மிரட்டிப் பெற்ற கங்ஹ்வா ஒப்பந்தம், அங்குள்ள ஜப்பானியரைக் கொரியச் சட்டத்துக்கு அப்பால் வைத்தது. பெரியின் போர்க்கப்பல் பாடத்தை இருபது ஆண்டுகளில் மனப்பாடம் செய்துவிட்டார்கள் எனலாம். 1911இல் வெளியுறவு அமைச்சர் கொமுரா ஜுதாரோ சுங்கவரி உரிமையை முழுதாக மீட்டார். முந்தைய ஆண்டு கொரியாவை ஜப்பான் இணைத்துக்கொண்டதும் அவர் பதவிக்காலத்தில்தான்.