நீட் தேர்வில் உளவியல் கேள்வி வராது... ஆனா ரிவிஷனுக்கு உளவியல் கைகொடுக்கும்! எப்படி?

அமெரிக்காவின் எம்கேட் மருத்துவ நுழைவுத் தேர்வில் 2015 முதல் உளவியல், சமூகவியலுக்குத் தனிப் பகுதி உண்டு. நம்ம ஊர் நீட் தேர்வில் அது கிடையாது. உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45 என 180 கேள்விகள்தான். ஆனால், படித்ததை மறக்காமல் இருக்க உளவியல் வழி சொல்கிறது.

ஏன் மறக்கிறது?

படித்ததில் பெரும்பகுதி சீக்கிரமே மறந்துபோகும் என்பதை ஜெர்மனியின் எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டினார். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தால் ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவிருக்கும் என்கிறது ரோடிகர், கார்பிக்கின் 2006 ஆய்வு.

எப்படிப் படிக்கலாம்?

பாடத்தைக் கேள்வியாக மாற்றுங்கள். சதுரங்கப்பட்டினம் மாணவர்களுக்குச் சுற்றுவட்டாரத்திலேயே உதாரணங்கள் இருக்கு.

* வடநெம்மேலி முதலைப் பண்ணை: முதலை இதயத்தில் எத்தனை அறைகள்? நான்கு. மற்ற ஊர்வனவற்றுக்குப் பொதுவாக மூன்று.
* கல்பாக்கம் அணுமின் நிலையம்: கனநீர் எதற்கு? நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் தணிப்பானாக.

விடையை மூடிவைத்து எழுதுங்கள், பிறகு சரிபாருங்கள். மறுநாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என இடைவெளி விட்டு அதையே மீண்டும் செய்யுங்கள்.

ஏன் முக்கியம்?

சரியான விடைக்கு 4 மதிப்பெண். தப்பானால் 1 கழியும். 'படிச்ச மாதிரி இருக்கே' என்று குழம்பி விடையை மாற்றிப் போட்டால் 5 மதிப்பெண் வித்தியாசம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள் ஒதுக்கீட்டிலும் தரவரிசையை முடிவு செய்வது நீட் மதிப்பெண்தான்.