குதிக்கால் வலிக்கு லேசர் சிகிச்சை

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிக்காலில் குத்துவதுபோல் வலிக்கிறதா? குதி எலும்பிலிருந்து விரல்களை நோக்கிச் செல்லும் நார்ப்பட்டை நைந்துபோவதே பெரும்பாலும் காரணம். நெடுநேரம் நிற்பவர்களையும் உடல் எடை கூடியவர்களையும் இது அதிகம் தாக்குகிறது. போரில் ஒரு காலை இழந்தவர்களின் மற்றக் காலும் கூடுதல் பாரம் சுமக்கிறது. அதனால் அவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

குறைந்த சக்தி லேசர் சிகிச்சையில் ஏறத்தாழ 600 முதல் 1000 நானோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு அல்லது செந்நிறக்கீழ் ஒளி வலியுள்ள இடத்தில் பாய்ச்சப்படுகிறது. தோல் சுடாது, வெட்டும் இல்லை. இது கலங்களின் சக்தி உற்பத்தியைத் தூண்டி அழற்சியைத் தணிப்பதாகக் கருதப்படுகிறது. சில வாரங்களுக்குப் பல தடவைகள் செய்ய வேண்டும். கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

ஆய்வுகள் பலவற்றில் சில மாதங்களுக்கு வலி குறைந்துள்ளது. நீண்டகாலப் பலன் உறுதியாகவில்லை. எனவே இது துணைச் சிகிச்சையே. கெண்டைக்காலையும் பாதத்தையும் நீட்டும் பயிற்சி, மெத்தென்ற பாதணி, ஓய்வு ஆகியவையே முதற்படி. பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் சத்திரசிகிச்சையின்றியே குணமாகும்.

பாதத்தில் எறிகணைச் சிதறல் உள்ளவர்களும், நீரிழிவால் பாதம் மரத்தவர்களும் முதலில் வைத்தியரைக் காண வேண்டும். வலிக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம்.