‘லோ’: மாட்டின் குரலா, மனிதரின் கூவலா?

மாடு கத்துவதைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘மூ’, ‘லோ’ என்று இரண்டு வினைகள் உண்டு. முதலாவது மாட்டின் குரலைக் கேட்டு அப்படியே பிறந்தது. இரண்டாவதையும் அதே பட்டியில் அடைக்கும்போதுதான் சிக்கல்.

இவ்வகை விளக்கத்துக்கு அழுத்தமாக வாதாடியவர் டார்வினின் மைத்துனர் ஹென்ஸ்லி வெட்ஜ்வுட். 1859இல் வெளிவரத் தொடங்கிய அவரது சொற்பிறப்பியல் அகராதி, சொற்களின் மூலத்தை இயற்கை ஒலிகளிலும் விலங்குகளின் குரல்களிலும் தேடியது. மாக்ஸ் முல்லர் 1861இல் இக்கொள்கைக்கு நாய்க்குரைப்பையே பெயராக வைத்தார். தமிழில் ‘லொள்லொள் கொள்கை’ எனலாம். கேலி மறுப்பாகிவிடாது. குயிலின் ஆங்கிலப் பெயரான ‘குக்கூ’வுக்கு வெட்ஜ்வுட்டின் வழி கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் செவிக்கு ஒத்திருப்பதை நம்பிய அளவுக்கு ஒலிமாற்ற விதிகளை அவர் நம்பவில்லை. ‘லோ’ தடம் புரள்வது அங்கேதான்.

பழைய ஆங்கிலத்தில் இவ்வினை ‘ஹ்லோவன்’. லத்தீனில் ‘க’ நிற்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ‘ஹ’ நிற்கும் என்பது கிரிம் விதி காட்டும் ஒப்புமை. லத்தீன் ‘கிளினாரே’வுக்குப் பழைய ஆங்கிலத்தில் உறவான ‘ஹ்லினியன்’, இன்று சாய்தலைக் குறிக்கும் ‘லீன்’ ஆக நிற்கிறது. அதே தடத்தில் ‘ஹ்லோவன்’ சென்று சேரும் உறவினர், கூவுதலைக் குறிக்கும் லத்தீன் ‘கிளாமாரே’, ‘கலாரே’. ரோமில் மாதத்தின் முதல் நாளைக் குருமார் கூவி அறிவித்ததால் அந்நாளுக்குக் ‘கலெண்டே’ என்று பெயர் வந்தது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரும் அந்த வழியில் வந்ததே.

தொலைந்த அந்த ‘ஹ’வைக் கண்ணால் காண பிரிட்டிஷ் நூலகத்தின் ஹார்லி 978 சுவடியைப் பார்க்க வேண்டும். கோடையை வரவேற்கும் புகழ்பெற்ற சுழற்பாட்டு அதில் இசைக்குறிகளோடு உள்ளது. பசு கன்றை நோக்கிக் கத்துமிடத்தில் எழுத்தர் வெறும் ‘எல்’ போடவில்லை. ‘எல்’லை அடுத்து ‘எச்’ போட்டிருக்கிறார். ‘உரக்க’ எனும் சொல்லுக்கும் அதே எழுத்தமைதி. பழைய ‘ஹ்ல’ இடம் மாறியாவது ஏட்டில் உயிரோடிருக்கிறது. எழுத்தரின் நாவிலும் இருந்ததா, கைப்பழக்கம் மட்டுமா என்பது வேறு கேள்வி.

சுவடியின் காலத்திலும் வழக்கு உண்டு. 1944இல் மான்ஃபிரெட் புகோஃப்சர் பாட்டை 1310ஐ ஒட்டித் தள்ளிவைத்தார்; பெரும்பாலோர் ஏற்பது 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இந்த எழுத்தமைதியைச் சாட்சிக்கு அழைத்துப் பயனில்லை. 1340இல் கென்ட் பகுதியில் முடிக்கப்பட்ட ‘அயன்பைட் ஆஃப் இன்விட்’ நூலிலும் அது தாராளமாக வருகிறது.

மனிதரின் கூவல் எப்போது மாட்டின் குரலானது? அந்த மாற்றம் நடந்த காலத்து எழுத்து எதுவும் இல்லை. ஆனாலும் திசை அதுவாகவே இருந்திருக்க வேண்டும். மாட்டின் குரலைப் போலிசெய்பவர் உதட்டை மூடித் தொடங்குவார்: ஆங்கில ‘மூ’, ஜெர்மன் ‘மூஹென்’, லத்தீன் ‘மூகிரே’. தொண்டையில் ‘க’வை வைத்துத் தொடங்கக் காரணமே இல்லை. டச்சு மொழியின் ‘லூயன்’ இன்றும் சூறைக்காற்றுக்கும் சைரனுக்கும் வழங்குகிறது. மாட்டிலிருந்து அவற்றுக்குப் பரவியிருக்கலாம் என்று எதிர்வாதம் எழுந்தால் அதை முற்றாக மறுக்க இயலாது. மூல வேரே ஆதியில் ஏதோ கூவலின் போலியாக இருந்திருக்கலாம் என்ற சலுகையையும் வெட்ஜ்வுட்டுக்குத் தரலாம். அப்போதும் போலிசெய்யப்பட்டது மனிதக் குரல், மாட்டின் குரல் அல்ல.