டாலியின் வாரிசுகளும் எர்ணாவூரின் சிறுநீரகங்களும்

டாலி என்ற செம்மறியாட்டின் பிறப்பு 1997 பிப்ரவரியில் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, மனிதப் படிகள் வீதியில் உலவப்போகின்றன என்ற அச்சமே எங்கும் பேசப்பட்டது. சிந்திய ஒவ்வொரு துளிக் குருதியிலிருந்தும் ஓர் அசுரன் எழுந்த இரத்தபீசன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த அச்சம் புதியதன்று. ஆனால் குளோனிங் எனப்படும் படியாக்கத்தின் வரலாற்றை வடசென்னையில் இருந்துகொண்டு படிப்பவருக்கு வேறொரு கேள்வி முன்னே வந்து நிற்கும். நோயாளியைப் பிழைக்க வைத்த உறுப்பு இதுவரை யாருடைய உடலிலிருந்து வந்தது?

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. அக்காலத்தில் பெற்றோரோ உடன்பிறந்தாரோ தந்தால்தான் உறுப்பு ஓரளவேனும் நிலைக்கும். அயலார் உறுப்பை உடலின் எதிர்ப்பாற்றல் பகையாகக் கண்டு அழித்துவிடும். 1980களில் புழக்கத்துக்கு வந்த சைக்ளோஸ்போரின் என்ற மருந்து அந்த எதிர்ப்பை அடக்கியது. மருத்துவத்துக்கு அது பெரும் வரம். முன்பின் அறியாத ஏழையின் சிறுநீரகத்தை விலைபோகும் சரக்காக்கியதும் அதே மருந்துதான் என்பதை மட்டும் அறிவியல் வரலாறுகள் அடக்கி வாசிக்கின்றன.

விளைவு, நம் வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்ற பட்டப்பெயர் விழுந்தது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைத் தடை செய்தது. எனினும் 'அன்பும் பற்றும் காரணமாக' உறவினர் அல்லாதாரும் தரலாம் என்ற வாசலைத் திறந்தே வைத்தது. பணத்துக்கு அன்பு என்று பெயர் சூட்டுவது தரகர்களுக்கு அரிதா என்ன? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001இல் நடத்திய ஆய்வொன்று அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியாயிற்று. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். ஏறத்தாழ ஆறாண்டு கழித்தும் அவர்களுள் முக்கால்வாசிப் பேர் கடனிலேயே இருந்தனர். விற்றவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

அத்திப்பட்டிலிருந்து சென்னைக்குச் செல்லும் மின்தொடர் வண்டி எண்ணூரையும் கத்திவாக்கத்தையும் கடந்தால் எர்ணாவூர்ப் பகுதி வந்துவிடும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், காசிமேட்டுக் கரையோரத்து மீனவக் குடும்பங்கள் பல இங்கேதான் தற்காலிகக் குடியிருப்புகளில் வைக்கப்பட்டன. துறைமுகம் தொலைவில், மீன் எடுத்து விற்கப் போக வழியில்லை, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. அங்குள்ள பெண்கள் பலர் சில பத்தாயிரம் ரூபாய்க்குச் சிறுநீரகம் விற்ற செய்தி 2007 ஜனவரியில் வெளிவந்தது. பக்கத்து ஊரான திருவொற்றியூரின் எல்லையில் சுந்தரர் இரு கண்ணும் இழந்ததைப் பெரியபுராணம் பேசுகிறது. அவர் காஞ்சியில் ஒன்றும் ஆரூரில் மற்றொன்றுமாகத் திரும்பப் பெற்றார். இந்தப் பெண்களுக்குக் காஞ்சியும் இல்லை, ஆரூரும் இல்லை.

படியாக்கம் தந்த வாக்குறுதியை இங்கே வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். கருமுட்டையின் உட்கருவை நீக்கிவிட்டு, வளர்ந்த உயிரின் உடலணுவிலிருந்து எடுத்த உட்கருவை அதில் சேர்ப்பதே அதன் செய்முறை. எடின்பரோவின் ராஸ்லின் நிறுவனத்தில் இயன் வில்முட் குழுவினர் 277 முட்டைகளில் முயன்று ஒரே ஒரு டாலியைப் பெற்றனர். நோயாளியின் அணுவிலிருந்தே இவ்வாறு தொடக்கநிலைக் கருவை ஆக்கி, அதன் குருத்தணுக்களிலிருந்து திசு வளர்த்தால், உடல் அதை அயலாகக் கருதாது. சைக்ளோஸ்போரினும் வேண்டாம், தரகரும் வேண்டாம். இதைச் சாதித்துவிட்டதாகத் தென்கொரியாவின் ஹ்வாங் வூ-சுக் 2004, 2005ஆம் ஆண்டுகளில் அறிவித்தது மோசடி என 2006 ஜனவரியில் உறுதியாயிற்று. அதே ஆண்டில் ஜப்பானின் ஷின்யா யமனாகா, கருவே இல்லாமல் எலியின் தோலணுவைக் குருத்தணு நிலைக்குத் திருப்பிக் காட்டினார். ஆயினும் ஒரு முழுச் சிறுநீரகத்தை ஆய்வகத்தில் வளர்த்து மனிதருக்குப் பொருத்த இன்றுவரை இயலவில்லை.

டாலியின் வழித்தோன்றல் எதிர்பாராத இடத்தில் தலைகாட்டியது. ராஸ்லினுடன் இணைந்து உழைத்த பிபிஎல் தெரப்யூடிக்ஸ் நிறுவனம் 2000 மார்ச்சில் ஐந்து பன்றிக்குட்டிகளைப் படியாக்கத்தால் பிறப்பித்தது. மாற்று அறுவை முன்னோடிகளான கிறிஸ்டியான் பர்னார்டு, அலெக்ஸிஸ் காரல் ஆகியோர் நினைவாக அவற்றுள் மூன்றுக்குக் கிறிஸ்டா, அலெக்ஸிஸ், காரல் என்று பெயரிட்டதிலேயே நோக்கம் வெளிப்பட்டுவிட்டது. மனித உடல் வெறுக்கும் மரபணுக்களைப் பன்றியின் அணுவில் நீக்கி, அந்த அணுவை முழு விலங்காக ஆக்கப் படியாக்கம் வேண்டும். அந்நிறுவனத்திலிருந்து 2003இல் கிளைத்த ரெவிவிகார் வளர்த்த பன்றியின் இதயமே 2022 ஜனவரியில் மேரிலாந்தில் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அவர் இரண்டு மாதம் வாழ்ந்தார். 2024 மார்ச்சில் பாஸ்டனில், வேறொரு நிறுவனத்தின் பன்றிச் சிறுநீரகம் முதன்முறையாக உயிருள்ள நோயாளிக்கு வைக்கப்பட்டது. அவரும் இரண்டு மாதத்துக்குள் இறந்தார். 2025 ஜனவரியில் அதே ஊரில் மற்றொருவருக்கு வைத்த சிறுநீரகம் எட்டு மாதத்துக்கும் மேல் இயங்கிற்று.

தமிழ்நாடு சும்மா இருந்துவிடவில்லை. மூளைச்சாவடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் 2008 செப்டம்பரில் ஈந்தபின், இறந்தோர் கொடை இங்கே இயக்கமாகவே வளர்ந்தது. என் பார்வையில் எந்த ஆய்வகச் சாதனைக்கும் அது குறைந்ததன்று. ஆயினும் 2025 ஜூலையில் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்ற செய்தி வந்தது. காரணம் அங்கேயும் கடன்தான். ரெவிவிகார் இப்போது யுனைடெட் தெரப்யூடிக்ஸ் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் உடைமை. அது விற்கப்போகும் பன்றிச் சிறுநீரகம் எர்ணாவூர்ப் பெண்ணின் சிறுநீரகத்தைவிட மலிவாக வந்தால்தான் தரகர் தொழிலை விடுவார்.