சப்பானிய எழுத்துத் தொகுதியும் பேயெழுத்துக்களும்

கணிப்பொறி, சப்பானிய அசையெழுத்தாகிய கதகானாவை ஏற்றல் எளிதாயிற்று. 1969-ஆம் ஆண்டு நியமமே அதற்குப் போதியதாயிருந்தது. சீனத்தினின்று வந்த கருத்தெழுத்துக்களோ பல்லாயிரம். அவற்றுள் 6349-ஐத் தேர்ந்து, ஒவ்வொன்றற்கும் ஓர் எண் வகுத்த தொழில் தர நியமம் 1978-இல் வெளிவந்தது.

ஊர்ப்பெயர், மக்கட்பெயர்ப் பட்டியல்களினின்றும் எழுத்துக்கள் திரட்டப்பெற்றன. ஓரெழுத்து விடுபடின் ஓரூரின் பெயரே எழுதவொண்ணாததாய் முடியுமன்றோ? அவ்வாறு நேர்ந்தும் விட்டது. 1997-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது மூலங்களை மீள ஆய்ந்த அறிஞர், செவ்விய மூலம் காட்டவியலாத 12 எழுத்துக்களைக் கண்டனர். இவை பேயெழுத்துக்கள் எனப்படும்.

அவற்றுள் ஒன்றன் பிறப்பு அறியற்பாலது. சிகா மாகாணத்துச் சிற்றூர் ஒன்றன் பெயரில், மலையைக் குறிக்கும் வடிவின்கீழ்ப் பெண்ணைக் குறிக்கும் வடிவு அமைந்த அரியதோர் எழுத்து உண்டு. ஊர்ப்பட்டியலை அச்சிட்டோர், அவ்வெழுத்து தம்மிடம் இன்மையின், இரு வடிவங்களையும் வெட்டி ஒட்டினர் போலும். ஒட்டிய தாளின் விளிம்பு நிழல் கோடாய் விழ, பெயர்த்தெழுதியோர் அதனையும் எழுத்தின் உறுப்பெனவே கொண்டனர். ஏடெழுதுவோர் பிழைகளோடு பழகிய நமக்கு இது புதிதன்று. ஆயின், பிழைபட்ட பாடத்தைப் பதிப்பாசிரியர் களையலாம். எண் பெற்ற எழுத்தைக் களைதல் அரிது, அவ்வெண்கொண்டு முன்னர்ப் பதிந்த ஆவணங்கள் சிதையுமாதலின். ஆகவே பொய்யெழுத்து நிலைத்தது. 1992-இல் ஒருங்குறியிலும் புகுந்தது. ஊரின் மெய்யெழுத்தோ 2000-ஆம் ஆண்டு விரிவாக்கத்திற்றான் சப்பானிய நியமத்தில் எண் பெற்றது.

வில்லை உறுப்பாகவுடைய மற்றொரு பேயெழுத்திற்கு இன்றளவும் மூலம் கிட்டிற்றிலது.