அரசரை உருக்கிய அடுப்பு

பட்டர்வொர்த்தில் மாமாவின் டயர் கடைக்குப் பின்னால் ஓர் அடுப்பு இருந்தது. பேலன்சிங் பார்க்கும்போது சக்கர விளிம்பில் அடிக்கிற சின்ன ஈயத்துண்டுகள் இருக்கின்றன அல்லவா, பழசானதும் அவற்றைக் கழற்றி வாளியில் போட்டு வைப்பார். வாளி நிறைந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உருக்குவார். ஈயம் 327 டிகிரியில் இளகிவிடும். அதைக் கவ்வியிருந்த இரும்புக் கிளிப்புகள் மேலே மிதக்கும். ஒரு துண்டு மெழுகைப் போட்டுக் கிளறி, கசடை வழித்துவிட்டு அச்சில் ஊற்றினால் தூண்டில் குண்டு. “தள்ளி நில்லுடி, பொகைய இழுக்காத” என்று என்னை விரட்டுவார். எனக்கு அப்போது பதினோரு வயது.

அந்தத் துண்டுகளில் ஈயத்தைக் கெட்டிப்படுத்தக் கொஞ்சம் ஆண்டிமனி சேர்ந்திருக்கும். அமெரிக்காவில் இதே துண்டுகளை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்க்கிறவர்கள் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. அதைப் பற்றி வாசித்துக்கொண்டே போனபோது ஓர் அரசரின் சிலையில் போய் முட்டிக்கொண்டேன்.

நியூயார்க், பவுலிங் கிரீன். குதிரைமேல் மூன்றாம் ஜார்ஜ். பொன்முலாம் பூசிய ஈயச் சிலை. முத்திரைத்தாள் வரி 1766இல் ரத்தானதற்கு நன்றியாக 1770இல் அங்கே நிறுத்தினார்கள். நன்றி ஆறு வருடம்கூடத் தாங்கவில்லை. 1776 ஜூலை 9 அன்று சுதந்திரப் பிரகடனம் படையினர்முன் வாசிக்கப்பட்டது. அன்று மாலையே ஒரு கூட்டம் கயிறு கட்டிச் சிலையை இழுத்துத் தள்ளியது. வாஷிங்டனுக்கு அந்தக் கலாட்டா பிடிக்கவில்லை. மறுநாள் உத்தரவில் கண்டித்தார். ஆனால் குடியேற்றங்களில் ஈயத்துக்குக் கடும் தட்டுப்பாடு. கிடைத்ததை விட யாருக்கு மனசு வரும்?

ஓவியங்களில் நாம் பார்ப்பது இந்தக் கயிறு இழுக்கும் கூட்டத்தைத்தான். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. உடைந்த துண்டுகள் கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டுக்கு, ஆலிவர் வுல்காட்டின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். அங்கே அடுப்பு மூட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். உருக்கி, அச்சில் ஊற்றி, குண்டையும் மருந்தையும் காகிதத்தில் சுருட்டினால் ஒரு தோட்டா. யார் எத்தனை செய்தார்கள் என்று வுல்காட் எழுதி வைத்த கணக்கு மிஞ்சியிருக்கிறது.

ரூத் மார்வின் 11,592. மேரி ஆன் வுல்காட் 10,790. லாரா வுல்காட் 8,378. திருமதி மார்வின் 6,058. திருமதி பீச் 1,802. ஃபிரெடரிக் வுல்காட் 936. இதர சில்லறைகளையும் சேர்த்து மொத்தம் 42,088.

நான் கூட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது. சிலையின் எடை 4,000 பவுண்டு என்பார்கள். பவுண்டுக்கு இருபது குண்டு என்று வைத்தால் பாதி ஈயம்தான் கணக்கில் இருக்கிறது. மீதியில் கொஞ்சத்தை அரச விசுவாசிகள் வழியில் திருடி ஒளித்தார்களாம். குதிரையின் வால் கனெக்டிகட்டில் வில்டன் என்ற ஊரில் 1871இல் மண்ணுக்கடியில் கிடைத்தது. தலை இங்கிலாந்துக்கே போய்விட்டது.

இந்தப் பட்டியலில் மேரி ஆனுக்குப் பதினோரு வயது. தம்பி ஃபிரெடரிக்குக்கு ஒன்பதுகூட முடியவில்லை. அவன் சீக்கிரமே அலுத்துப்போய் விளையாட ஓடியிருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன். 936 அப்படிப்பட்ட எண்ணாகத்தான் இருக்கிறது. 10,790 அப்படியில்லை. அது நாள்கணக்கில் அடுப்பை விட்டு நகராத ஒரு சிறுமியின் எண். “தள்ளி நில்லுடி” என்று அவளிடம் யாராவது சொன்னார்களா? கணக்கில் அதற்கு இடம் இல்லை.

பட்டியலில் இன்னொரு வரியும் இருக்கிறது. பலர் சேர்ந்து செய்தது, 2,182. பெயர் எதுவும் இல்லை.