சாளரக் குறிப்புகளின் முரணும் தீர்வும்: எக்ஸ் முதல் வேலண்ட் வரை

கணினித் திரையில் ஒரு சாளரம் எங்கே நிற்பது, எவ்வளவு விரிவது, தலைப்புப் பட்டை தரிப்பதா இல்லையா என்பவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருடையது என்ற வினா, 1984-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எக்ஸ் விண்டோ அமைப்பு உருவானபோதே, வேண்டுமென்றே விடையின்றி விடப்பட்டது. அதனை இயற்றியவர்கள் கருவிகளைத் தந்தார்களேயன்றிக் கொள்கையை விதிக்கவில்லை. ஆகவே அப்பொறுப்பு சாளர மேலாளர் என்னும் தனி நிரலைச் சார்ந்தது.

1987-ல் பதினொன்றாம் பதிப்பு வெளிவந்தபின், டேவிட் ரோசன்தால் எழுதிய ஐ.சி.சி.சி.எம். என்னும் மரபுநூல் முதல் ஒழுங்கை வகுத்தது. பயன்பாட்டு நிரல் தன் விருப்பங்களைக் குறிப்புகளாகச் சாளரத்தோடு சேர்த்து வைக்கும். கேட்டதெல்லாம் கிடைக்குமென்று அது எண்ணலாகாது. இந்நூலில் நான் பெரிதும் மதிக்கும் நுட்பம் ஒன்றுண்டு: சாளரத்தின் ஸ்தானத்தைக் கூறும் குறிப்பு, அது பயனர் சொன்னதா, நிரல் தானே தேர்ந்ததா என்பதையும் உடன் கூறவேண்டும். இருவேறு விருப்பங்கள் மோதும்போது, சொல்லப்பட்டது எது என்பதைவிடச் சொன்னவர் யார் என்பதே நியாயத்தை நிர்ணயிக்கும் என்ற தத்துவம் இதனால் நிலைபெற்றது. ஆனால் சில நிரல்கள், தாம் விரும்பிய இடத்தைப் பயனர் விருப்பமென்றே பொய்யாக முத்திரையிட்டு அனுப்பலாயின.

1993-ல் ராபர்ட் நேஷன், டி.டபிள்யு.எம். என்னும் மேலாளரிலிருந்து உருவாக்கிய எப்.வி.டபிள்யு.எம்., காலப்போக்கில் இதற்கு ஸ்டைல் கட்டளைகளால் பரிகாரம் கண்டது. நிரல் கூறும் இடத்தைப் புறக்கணிக்க ஒரு ஸ்டைல். பயனர் பெயரால் வரும் இடத்தையும் புறக்கணிக்க இன்னொன்று. ஸ்டைல்களே தம்முள் முரண்பட்டால் பின்னால் எழுதப்பட்டதே வெல்லும். எல்லாச் சாளரங்களுக்கும் தலைப்புண்டு என்ற வரிக்குப் பின் எக்ஸ்டெர்ம் என்னும் முனைய நிரலுக்கு மட்டும் இல்லை என்று எழுதினால் அதன் தலைப்பு மறையும். வரிகளை இடம் மாற்றினால், குறிப்பான விதி தோற்றுத் தலைப்பு மீண்டும் தோன்றும். கடுமையான விதிதான், எனினும் அமைப்புக் கோப்பை மேலிருந்து கீழாகப் படிப்பவர் எவரும் முடிவை முன்கூட்டியே அறியலாம் என்பதால், இதனைச் சிறந்த விதியென்றே கருதுகிறேன்.

அளவைப் பற்றிய முரண் இன்னும் நுட்பமானது. எக்ஸ்டெர்மின் எழுத்து 13 புள்ளி உயரமும், அதன் உள்விளிம்பு மேலும் கீழுமாக 4 புள்ளியும் உடையதென்க. 768 புள்ளி உயரமுள்ள திரை முழுவதும் அதனை விரித்தால், முழு வரிகளாக 58 மட்டுமே அடங்கும். அடியில் 10 புள்ளி வெறுமையாய் நிற்கும். திரையை நிரப்பு என்பது பயனரின் ஆணை; முழு வரிகளாகவே வளர்வேன் என்பது நிரலின் குறிப்பு. எப்.வி.டபிள்யு.எம். இதற்கும் ஒரு ஸ்டைல் வைத்து, தீர்ப்பைப் பயனரிடமே விட்டது.

சாளரச் சட்டத்தையும் தலைப்புப் பட்டையையும் பற்றி மோடிஃப் மேலாளர் கொணர்ந்த குறிப்புகள், அம்மேலாளர் வழக்கொழிந்த பின்னும் நிலைத்தன. மேசைத்தளங்களுக்குப் பொது மரபுகளை வகுக்கும் ஃப்ரீடெஸ்க்டாப் வட்டத்தில் எழுந்த ஈ.டபிள்யு.எம்.எச். மரபு சாளர வகைகளையும் நிலைகளையும் வரையறுத்தது. கே.டி.ஈ. மேசைத்தளத்தின் சாளர மேலாளரான குவின், தொடக்கத்தில் மட்டும் பொருந்தும் விதி, நினைவிற்கொள்ளும் விதி, கட்டாயப்படுத்தும் விதி என்று பயனர் ஆணைக்கே படிநிலைகள் அமைத்தது.

எக்ஸுக்கு மாற்றாக 2008-ல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்டோ இவ்வழக்கின் பெரும்பகுதியை எழவிடாமலே தவிர்த்தது. அதன் எக்ஸ்.டி.ஜி. ஷெல் நெறிமுறையில் ஒரு நிரல் தன் முதன்மைச் சாளரத்தின் குறைந்த அளவையும் மிகுந்த அளவையும் தெரிவிக்கலாம். திரையில் இன்ன இடத்தில் வை என்று கேட்பதற்கு அதில் வழியே கிடையாது.